லஸ்கர் வீட்டை ஊராட்சியின் பெயருக்கு மாற்றிய கதை

கைவிடப்பட்ட அரசுக் கட்டடம் ஒன்றை ஊராட்சியின் பெயருக்கு மாற்ற எவ்வளவு காலம் ஆகும் என்று யாராவது 2021-இன் இறுதியில் என்னைக் கேட்டிருந்தால், அரசின் சொத்து உள்ளாட்சிக்குத்தானே போகிறது, ஐந்தாறு மாதத்தில் முடிந்துவிடும் என்று சொல்லியிருப்பேன். ஆணை எங்கள் கைக்கு வந்தபோது 2024 முடியும் தறுவாயில் இருந்தது. இடையில் என் ஓய்வூதியத்திலிருந்து 30,000 ரூபாய்க்கு மேல் போயிற்று, ஊருக்கு ஒதுக்கப்பட்ட கட்டட நிதி ஒன்று கைநழுவியது, அக்கம்பக்கத்தில் சிலருடன் பேச்சுவார்த்தையும் நின்றுபோனது. இதே வேலையில் இறங்கப்போகும் வார்டு உறுப்பினர்களுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும், எனக்கு யாரும் சொல்லாதவற்றைச் சொல்லிவிடலாம் என்றே இதை எழுதுகிறேன். மாவட்டத்தின் பெயரையோ அலுவலகங்களின் பெயரையோ குறிப்பிடப்போவதில்லை. 2019-இல் புதிதாகப் பிரிக்கப்பட்ட மாவட்டங்களில் எங்களுடையதும் ஒன்று என்பது மட்டும் தெரிந்தால் போதும். அந்தப் பிரிவினைக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு.

நான் ஓய்வுபெற்ற இடைநிலை ஆசிரியை. ஒன்பது மாவட்டங்களுக்கு மட்டும் 2021 அக்டோபரில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் வார்டு உறுப்பினராக வந்தேன். எங்கள் ஏரிக்கரையின் அடியில், மதகைத் திறந்து மூடும் லஸ்கருக்காகக் கட்டிய ஓட்டு வீடு ஒன்று இருந்தது. கடைசி லஸ்கர் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடத்துக்கு வேறு ஆள் போடவில்லை. பின்சுவரைப் பிளந்துகொண்டு அரசங்கன்று வளர்ந்திருந்தது. வாசற்படி வரை சீமைக் கருவேலம் வந்துவிட்டது. கதவு நிலைக்கு மேலே சுண்ணாம்புச் சதுரத்தில் கறுப்பு எழுத்தில் ‘பொ.ப.து.’ (பொதுப்பணித் துறை) என்று எழுதி, அதன் கீழே இருந்த எண் பாதி உதிர்ந்துபோயிருந்தது. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் அங்கன்வாடி வாடகை வீட்டில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, சமையலும் பிள்ளைகளும் ஒரே அறையில் என்று நடந்துகொண்டிருந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிவறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதையடுத்து மாவட்டந்தோறும் பழுதடைந்த கட்டடங்களைக் கணக்கெடுத்தபோது இந்த வீடும் பட்டியலில் ஏறியது. இடிக்கப்போகிற கட்டடத்தின் இடத்தை அங்கன்வாடிக்குக் கேட்டால் என்ன என்று மன்றக் கூட்டத்தில் பேசினேன். “நல்ல யோசனை டீச்சர். நீங்களே முன்னாடி நின்று பாருங்கள், கையெழுத்து எங்கே வேண்டுமோ நான் போடுகிறேன்” என்றார் தலைவர். அவர் சொன்ன சொல் தவறவில்லை. கையெழுத்து மட்டும்தான் போட்டார்.

ஊரில் பெரும்பாலோர், புறம்போக்கு என்றாலே ஊருக்குச் சொந்தம், தீர்மானம் போட்டுக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று நம்புகிறார்கள். அது அப்படி இல்லை. மேய்ச்சல் நிலம், களம், சுடுகாடு இடுகாடு, தோப்பு போன்ற சில வகைப் புறம்போக்குகள் மீதுதான் 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் ஊராட்சிக்கு நேரடியாக அதிகாரம் தருகிறது. மற்றவை வருவாய்த் துறையின் கணக்கில் அரசுக்குச் சொந்தமானவை. ஒரு துறையின் பயன்பாட்டுக்கு விடப்பட்டிருந்தால் அந்தத் துறையின் சம்மதமும் வேண்டும். மேலும் ஊராட்சி என்பது சட்டப்படி தனி அமைப்பு, அரசுத் துறைகளில் ஒன்றல்ல. அதனால் ஒரு துறையிடமிருந்து இன்னொரு துறைக்கு நிலம் கைமாறுவதும் ஊராட்சிக்குக் கைமாறுவதும் வருவாய்த் துறையில் வெவ்வேறு வகைக் கோப்புகள். முன்னதை நிலமாற்றம் என்பார்கள், பின்னதை அலுவலகங்களில் ‘ஏலியனேஷன்’ என்றே சொல்கிறார்கள். நில மதிப்பை ஊராட்சி செலுத்த வேண்டுமா, விலக்கு உண்டா என்ற கேள்வி இரண்டாவது வகையில்தான் எழுகிறது. எங்கள் முதல் கோப்பு துறைகளுக்கு இடையிலான நிலமாற்றம் என்ற தலைப்பில் போய், பல மேசைகளைக் கடந்த பிறகு, தலைப்பே பொருந்தவில்லை என்ற குறிப்போடு திரும்பி வந்தது. மனுவின் முதல் வரியை எழுதுவதற்கு முன்பே வட்டாட்சியர் அலுவலகத்தில் நிலப் பிரிவைக் கவனிக்கும் எழுத்தரிடம் இதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். பெரிய அதிகாரியைவிட அந்த மேசைக்காரருக்குத்தான் இது துல்லியமாகத் தெரியும்.

கிராம சபைத் தீர்மானம்தான் கோப்பின் அடித்தளம். 2022 மே 1 அன்று நாங்கள் நிறைவேற்றிய தீர்மானத்தில், ‘ஏரிக்கரையில் உள்ள பாழடைந்த கட்டடத்தை ஊராட்சி வசம் ஒப்படைக்க அரசைக் கேட்டுக்கொள்வது’ என்று ஊராட்சிச் செயலர் வழக்கமான நடையில் எழுதியிருந்தார். ஊரில் எல்லோருக்கும் அது எந்தக் கட்டடம் என்று தெரியும். கோப்பைப் பார்க்கிறவருக்குத் தெரியாதே. புல எண், உட்பிரிவு எண், பரப்பு, கிராம நிலங்களின் விவரம் எழுதிய அ-பதிவேட்டில் உள்ள வகைப்பாடு, என்ன நோக்கத்துக்கு, எந்தத் திட்டத்தில் கட்டப்போகிறோம், பராமரிப்புச் செலவை யார் ஏற்பது, இத்தனையும் தீர்மானத்துக்குள் இருக்க வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். அதற்குள் ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கூட்டங்கள் கடந்துவிட்டன. கிராம சபை ஆண்டுக்கு நான்கு முறை என்றிருந்ததை அந்த ஆண்டுதான் ஆறாக்கி, மார்ச் 22-ஐயும் நவம்பர் 1-ஐயும் சேர்த்திருந்தார்கள். அந்தப் புதிய நவம்பர் 1 கூட்டம் இல்லாவிட்டால் ஜனவரி 26 வரை காத்திருந்திருப்போம். அ-பதிவேட்டின் பகுதியையும் புலப்படத்தையும் அரசின் இணையதளத்திலேயே கட்டணமில்லாமல் பார்க்கலாம். அவற்றை முதலில் எடுத்து, எண்களைத் தீர்மான நோட்டில் எழுதிய பிறகு கையெழுத்து வாங்குங்கள். ஹெக்டேர், ஏர் கணக்கில் எழுதுங்கள். சென்ட் கணக்கில் எழுதினால் யாராவது ஒருவர் மாற்றி எழுதும்போது ஒரு புள்ளி இடம் மாறிவிடும்.

இனி, என் பொறுமையை அதிகம் சோதித்த பகுதி. அந்த வீடு யாருடையது? சுவரில் பொ.ப.து. என்று இருக்கிறது, அ-பதிவேட்டின் குறிப்புக் கலத்தில் ‘பொதுப்பணித்துறை’ என்று இருக்கிறது. ஆகவே பொதுப்பணித் துறையின் கட்டடப் பிரிவுக்கு எழுதினோம். ஏரியும் மதகும் லஸ்கரும் நீர்வளத் துறையைச் சேர்ந்தவை, அங்கே கேளுங்கள் என்று பதில் வந்தது. நியாயம்தான், 2021-இல் நீர்வளத்தைப் பொதுப்பணித் துறையிலிருந்து பிரித்துத் தனித் துறையாக்கிவிட்டார்களே. நீர்வளத் துறைக்கு எழுதினால், பிரிவினையின்போது எங்களிடம் வந்த கட்டடங்களின் பட்டியலில் இது இல்லை, எனவே பழைய துறையிடமே இருக்க வேண்டும் என்றார்கள். இரண்டு கடிதங்களும் முறையான அலுவலகக் கடிதங்கள், இரண்டிலும் முத்திரை உண்டு. ஊருக்கு நடுவே கண் முன்னால் நிற்கும் வீட்டை இரு துறைகளும் தன்னுடையது இல்லை என்று எழுத்தில் தந்ததைப் பார்த்தபோது சிரிப்பு வந்தது. சில மாதங்கள் கழித்து அதே கடிதங்களைப் பார்த்தால் அழுகைதான் வந்தது. திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்த மனுக்களுக்கு, ‘தங்கள் மனு உரிய அலுவலருக்கு அனுப்பிவைக்கப்பட்டது’ என்ற பதில் தவறாமல் வந்தது. அந்த உரிய அலுவலர் யார் என்பதுதானே என் கேள்வியே.

முடிச்சை அவிழ்த்தது தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ‘கட்டடம் யாருடையது’ என்று கேட்காமல், ‘பாசனப் பிரிவு அலுவலகத்தின் கட்டடப் பதிவேட்டில் எங்கள் ஏரிக்கான பக்கங்களின் நகல்’ என்று ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேட்டேன். யாருடையது என்று கேட்டால் அது கருத்துக் கேட்பதாகிவிடும், பதில் தராமல் நழுவிவிடலாம்; பதிவேட்டைக் கேட்டால் கொடுக்க வேண்டும், அல்லது இல்லை என்று எழுதித் தர வேண்டும். கேட்ட தகவல் வேறு அலுவலகத்தில் இருந்தால், அந்தச் சட்டத்தின் 6(3) பிரிவின்படி மனுவை ஐந்து நாளுக்குள் அவர்களே அங்கே மாற்றி அனுப்ப வேண்டும். இந்த ஒரு பிரிவைக் குறிப்பிட்டு எழுதிய பிறகுதான் என்னை அலைக்கழிப்பது நின்று, மனு தானாக நகர்ந்தது. 30 நாளில் பதில் இல்லை என்றால் முதல் மேல்முறையீடு செய்யலாம். நான் செய்தேன், அதற்குப் பிறகு பதிவேட்டின் நகல் பக்கத்துக்கு இரண்டு ரூபாய் வீதம் கிடைத்தது. அது இருந்தது புதிய மாவட்டத்தில் இல்லை, பழைய மாவட்டத் தலைநகரில். மாவட்டம் பிரிந்தபோது நடப்பிலிருந்த கோப்புகள் வந்தன, பழைய பதிவேடுகள் அங்கேயே தங்கிவிட்டன. உங்கள் மாவட்டமும் அண்மையில் பிரிந்ததாக இருந்தால் இரு இடங்களுக்கும் ஒரே நேரத்தில் மனு போட்டுவிடுங்கள். இதற்கிடையில் வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்பினால் வேகம் வரும் என்று உறவினர் ஒருவர் சொன்னதன்பேரில் 8,000 ரூபாய் செலவானது. வந்தது வேகம் இல்லை. அதுவரை முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்த அலுவலர்கள் அதன் பிறகு எழுத்தில் மட்டும் பேசினார்கள்.

பதிவேடு கையில் வந்த பிறகுதான் இன்னொன்று புரிந்தது. நாங்கள் ஒரே சொத்து என்று நினைத்தது அரசின் கணக்கில் இரண்டு சொத்துகள். நிலம் வருவாய்த் துறையின் கணக்கில் இருக்கிறது, கட்டடம் கட்டிய துறையின் கணக்கில் இருக்கிறது. நிலத்துக்குத் தனியாகக் கோப்பு, கட்டடத்துக்குத் தனியாகக் கோப்பு. ஒன்று முடிந்தால் மற்றது முடிந்ததாக ஆகாது. கட்டடத்துக்குரிய துறையிடமிருந்து இரண்டு காகிதங்கள் வேண்டும்: கட்டடம் பயன்பாட்டுக்கு உகந்ததல்ல என்ற பொறியாளரின் சான்று, இடத்தை விட்டுக்கொடுக்க ஆட்சேபம் இல்லை என்ற தடையின்மைச் சான்று. இவற்றைப் பிரித்துப் பிரித்து வாங்கினால், இரண்டாவது வருவதற்குள் முதலாவதில் கையெழுத்திட்ட பொறியாளர் மாறுதலாகிப் போயிருப்பார், புதியவர் மறுபடி இடத்தைப் பார்க்க வேண்டும் என்பார். ஒரே கடிதத்தில் இரண்டையும் கேளுங்கள். எந்த அலுவலகத்தில் எதைக் கொடுத்தாலும் ந.க. எண் (மனு பதிவான கோப்பின் எண்) கேட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். அந்த எண் இல்லாத மனுவை மறுநாள் தேடினால்கூடக் கிடைக்காது.

நிலத்தின் பக்கம் வேறு சிக்கல். முன்கட்டு நின்றது அரசுப் புறம்போக்கில். பின்கட்டும் கழிவறை மேடும், ஏரியின் உபரிநீர் போகும் கலிங்கு வாய்க்கால் புறம்போக்கில். தரையில் நின்று பார்த்தால் தெரியாது, ஏனென்றால் வாய்க்கால் தூர்ந்து மண் மேடாகிவிட்டது. புலப்படத்தில் அது இன்னும் வாய்க்கால்தான். நீர்நிலைப் புறம்போக்கை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதை நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பத் தடுத்திருக்கின்றன. ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. வாய்க்கால் என்ற சொல்லைப் பார்த்ததும் எந்த அதிகாரியும் பேனாவை மூடிவிடுகிறார், அதில் குறை சொல்ல எனக்கு மனமில்லை. எல்லையைத் தெரிந்துகொள்ளத் தனியார் அளவையரை வைத்து அளந்ததில் 6,000 ரூபாய் போயிற்று, அந்த வரைபடத்தைக் கோப்பில் சேர்க்கவே மறுத்துவிட்டார்கள். அரசு நில அளவரின் அளவுதான் செல்லும். அவர் வந்து சங்கிலி பிடித்து, வாய்க்காலை விட்டு மீதியைத் தனி உட்பிரிவாக்கலாம் என்று வரைந்து கொடுத்த அன்றுதான் இந்த வேலை முடியும் என்ற நம்பிக்கையே எனக்கு வந்தது. கேட்டதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் மிஞ்சியது, அங்கன்வாடிக்கு அது போதும். முழு இடமும் வேண்டும் என்று ஊரில் சிலர் பிடிவாதம் பிடித்தார்கள். அவர்கள் சொன்னதைக் கேட்டிருந்தால் கோப்பு சென்னைக்குப் போய் அங்கேயே உறங்கியிருக்கும்.

அடுத்தது அ1 அறிவிப்பு. இந்த இடத்தை இன்ன நோக்கத்துக்குக் கொடுக்கப்போகிறோம், ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம் என்று ஊரில் அறிவித்து, கிராம நிர்வாக அலுவலர் அறிவிப்பை ஒட்டுவார். ஒட்டிய மறுநாளே, பழைய லஸ்கரின் மருமகள் பையில் ஒரு கட்டுக் காகிதத்தோடு என் வீட்டுக்கு வந்தார். அந்த வீட்டின் திண்ணையில் அவர் வைக்கோல் போட்டிருந்தார், பக்கத்தில் இரண்டு மாடுகள் கட்டியிருந்தார். “டீச்சர், நாங்க வருசா வருசம் பணம் கட்டுறோம், ரசீது இருக்குது, இது எங்க இடம்” என்றார். பிரித்துப் பார்த்தால் எல்லாம் பி-மெமோ ரசீதுகள். 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்கீழ், அரசு நிலத்தை அனுமதியின்றி அனுபவிப்பதற்காக விதிக்கப்படும் தீர்வையும் தண்டமும் அவை. உரிமைக்குச் சான்றாக அவர் பத்திரப்படுத்தி வைத்திருந்தது, ஆக்கிரமித்திருக்கிறார் என்பதற்கான சான்று. இதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. என்னிடம் படித்த பையனின் அம்மா அவர். ஆனால் சொல்லாமல் விட்டால், சட்டப்படி 7-ஆம் பிரிவு அறிவிப்பு, பிறகு 6-ஆம் பிரிவின்கீழ் வெளியேற்றம் என்று காவலர்களோடு முடியும். நாங்கள் மாடு கட்ட ஊராட்சியின் களத்து ஓரத்தில் இடம் காட்டினோம், கொட்டகை மாற்றும் செலவில் கொஞ்சம் நானே கொடுத்தேன். ஆட்சேபம் இல்லை என்று அவர் எழுதிக் கொடுத்தார். அவருடைய கொழுந்தனார் இன்றும் என்னைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போய்விடுகிறார். இடத்தில் யாராவது ஒரு குச்சி நட்டிருந்தால்கூட, அறிவிப்பு ஒட்டும் நாளுக்கு முன்பே அவரிடம் நேரில் போய்ப் பேசிவிடுங்கள். ஊர் அறிவிப்பில் கேட்டுத் தெரிந்துகொள்கிறவர் அவமானப்பட்டுப்போகிறார், அதற்குப் பிறகு நியாயம் எடுபடாது.

இத்தனைக்கும் நடுவே, தேசிய ஊரக வேலை உறுதித் திட்டத்தோடு இணைத்து அங்கன்வாடி கட்ட எங்களுக்கு வந்த ஒதுக்கீடு 2023 மார்ச் 31-உடன் போய்விட்டது. இடத்துக்கான ஆணை இல்லாததால், இடம் தயாராக இருந்த பக்கத்து ஊராட்சிக்கு மாற்றிவிட்டார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகளும் பிள்ளைகள்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டாலும், அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. இனி எந்த அலுவலகத்துக்கும் போவதில்லை என்று ஒரு மாதம் வீட்டில் இருந்தேன். அந்த மாதத்தில் கோப்பு ஓர் அங்குலமும் நகரவில்லை என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். முறைப்படி ஆணை வரும்வரை காத்திருக்காமல், ‘நுழைவு அனுமதி’ என்று ஒன்று கேட்கலாம். உரிமை மாற்றம் நிலுவையில் இருக்கும்போதே பணியைத் தொடங்க அது இடம் கொடுக்கும். அப்படி ஒன்று இருப்பதை ஓய்வுபெற்ற துணை வட்டாட்சியர் ஒருவர் ஒரு கல்யாண வீட்டில் சாப்பாட்டுப் பந்தியில் சொன்னார். நிதி போய் அரை ஆண்டு ஆகியிருந்தது.

இடிப்பைப் பற்றியும் ஒரு சொல். பழைய கட்டடத்தில் இருக்கும் மரம், ஓடு, இரும்பு எல்லாவற்றுக்கும் துறை மதிப்புப் போட்டு ஏலம் விட வேண்டும். கோப்பு ஓடிய ஆண்டுகளில் மங்களூர் ஓடுகள் இரவில் ஒவ்வொன்றாக இறங்கின, ஒரு நாள் பார்த்தால் தேக்கு உத்தரமும் இல்லை. மதிப்பீட்டுக்கு வந்த உதவிப் பொறியாளர், பதிவேட்டில் தேக்கு என்று இருக்கிறதே, எங்கே என்று என்னைக் கேட்டார். நல்லவேளையாக, கணக்கெடுப்பு நடந்த காலத்தில் என் கைப்பேசியில் எடுத்த படங்களில் கூரை ஏற்கெனவே பாதி திறந்து கிடந்தது. கோரிக்கை வைக்கும் நாளிலேயே கட்டடத்தை உள்ளும் புறமும் படம் பிடித்து, தேதியோடு அச்செடுத்து மனுவுடன் இணைத்துவிட்டால், இல்லாத உத்தரத்துக்கு யாரும் உங்களிடம் விளக்கம் கேட்கமாட்டார்கள்.

ஆணை வந்தபோது அதில் நிபந்தனைகள் இருந்தன: குறிப்பிட்ட நோக்கத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும், வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது, மீறினால் அரசு இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். ஊராட்சியில் யாரும் அதை முழுதாகப் படிக்கவில்லை. அங்கன்வாடிக்கு முன்னால் இரண்டு கடை கட்டி வாடகைக்கு விடலாம் என்று ஒருவர் அடுத்த கூட்டத்திலேயே யோசனை சொன்னார். ஆணையை வாசித்துக் காட்டி அதை நிறுத்த வேண்டியிருந்தது. ஆணை கிடைத்ததும் வேலை முடிந்தது என்று நினைக்கவும் வேண்டாம். உட்பிரிவு புலப்படத்தில் ஏற வேண்டும், அ-பதிவேட்டின் குறிப்புக் கலம் மாற வேண்டும், கிராமக் கணக்கிலும் வட்டக் கணக்கிலும் ஒன்றுபோல இருக்க வேண்டும். எங்களுக்குக் கிராமக் கணக்கில் மாறி வட்டக் கணக்கில் மாறாமல் இருந்தது. அடுத்து வந்த ஜமாபந்தியில் (வருவாய்த் துறை ஆண்டுதோறும் கிராமக் கணக்குகளைச் சரிபார்க்கும் கூட்டம்) மனு கொடுத்து அதே இடத்தில் திருத்தி வாங்கினோம். கணக்குகள் எல்லாம் மேசைமேல் இருக்கும் நாள் அது என்பதால் இப்படிப்பட்ட திருத்தத்துக்கு அதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது.

இப்போது புதிய ஒதுக்கீட்டில் அடித்தளம் வரை வந்திருக்கிறது. மின் இணைப்புக்கு விண்ணப்பித்தபோது, லஸ்கர் வீட்டின் பழைய இணைப்பில் துறையின் பெயரில் பாக்கி நிற்கிறது, அதைத் தீர்த்தால்தான் அதே இடத்தில் புதிய இணைப்பு என்றார்கள். பாக்கியைக் கட்ட வேண்டியது எந்தத் துறை என்று கேட்டு இரண்டு துறைகளுக்கும் கடிதம் போட்டிருக்கிறேன். இந்த முறை கட்டடப் பதிவேட்டின் நகலையும் கூடவே இணைத்திருக்கிறேன்.